இடது கதவு

அப்பாத்துரை இறந்து பத்து மாதம் ஆன பிறகு அவர் மகன் ஜெனோ பெங்களூரிலிருந்து வந்தான். தச்சநல்லூரில் மூடிக் கிடந்த உளுந்து மண்டியின் பின்கட்டைத் திறந்து, தார்ப்பாய் போர்த்தி நின்ற பிக்கப் வண்டியை நாலு ஆட்களை வைத்து வெளியே தள்ளினான். எழுபத்தெட்டாம் வருஷத்து வண்டி. டயர் நான்கும் தரையோடு ஒட்டிப் போயிருந்தன. இருக்கைக்குள் எலி குட்டி போட்டிருந்தது. அவனுக்கு அது தகப்பனாரின் முகத்தைப் பார்த்த மாதிரி இருந்திருக்க வேண்டும். முன்கண்ணாடித் தூசியைச் சட்டைக் கையால் துடைத்துவிட்டு நேரே மேலப்பாளையத்துக்குப் போய் அகமது மீரானைக் கூப்பிட்டான்.

மீரான் அந்த வண்டியை முப்பத்தோரு வருஷம் ஓட்டியவர். மண்டியிலிருந்து கல்லிடைக்குறிச்சிக்கு உளுந்து மூட்டை, அங்கிருந்து திரும்பும்போது அப்பளக் கட்டு. வாரத்தில் ஆறு நாள் அதுதான் பாடு. முதலில் அதில் பெட்ரோல் இன்ஜின் இருந்தது. அப்பாத்துரை அதை இறக்கிவிட்டு எங்கேயோ கிடந்த டீசல் இன்ஜினை ஏற்றினார். அதன் பிறகு வண்டி கிளம்பினால் கடைப் பலகையெல்லாம் நடுங்கும். உள்ளே உட்கார்ந்திருப்பவர் பேசுவது பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்காது. பத்து வருஷத்தில் மீரானின் வலது காது அடைத்தது. மண்டி மூடியபோது இடது காதில் கொஞ்சம்தான் மிச்சம். இப்போது அறுபத்து மூன்று வயது. எதிரே நிற்பவர் கத்திச் சொன்னால் கேட்கும். உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்ளும் சாமர்த்தியமும் அவருக்கு வாய்க்கவில்லை.

வீட்டில் அவருக்காகக் கத்திப் பேசுகிறவள் மகள் ஷம்ஸியா ஒருத்திதான். மனைவி கமர் நிஷாவுக்குக் கழுத்தில் கட்டி எடுத்த பிறகு குரல் காற்று மாதிரி ஆகிவிட்டது. யார் என்ன சொன்னாலும் ஷம்ஸியா அதை வாங்கி, வாப்பாவின் இடது பக்கம் வந்து, தெருவுக்கே கேட்கிற மாதிரி சொல்லுவாள். அதனால் அந்தச் சந்தில் மீரான் வீட்டு ரகசியம் என்று ஒன்றுமில்லை.

ஜெனோ சொன்னதையும் அவள்தான் கத்திச் சொன்னாள். வண்டியை நன்றாக்கப் போகிறானாம். சத்தம் இருக்கக்கூடாதாம், ஆட்டம் இருக்கக்கூடாதாம், பிரேக் புதுசு, பெல்ட், மெத்தை, எல்லாம். ஆவணியில் அப்பாவுக்கு வருஷ ஜெபம் வருகிறதாம். அம்மாவை அப்பா வண்டியிலேயே கோயிலுக்கும் கல்லறைத் தோட்டத்துக்கும் கூட்டிப் போகணுமாம். அதன் பிறகு வண்டி பாளையங்கோட்டை வீட்டிலேயே நிற்கும், வாப்பாதான் ஓட்டணுமாம்.

மீரான் அன்று இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டார். ஏழு வருஷமாக அவர் வீட்டில்தான் இருக்கிறார். இரண்டு பெண்கள் பீடி சுற்ற, நடுவில் ஓர் ஆண்பிள்ளை இலையை ஈரத்துணியில் சுருட்டிக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் போகிறவன் வருகிறவன் எல்லாம் பார்த்துவிட்டுப் போவான். அது அவரைத் தின்றுகொண்டிருந்தது.

ஷம்ஸியா சந்தோஷப்படவில்லை. அவள் சம்மணம் போட்டு உட்கார முடியாதவள். சின்ன முக்காலியில் உட்கார்ந்து, இடது காலை நேரே நீட்டி, மடியில் முறத்தை வைத்துக்கொண்டுதான் பீடி சுற்றுவாள். அந்தக் கால் மற்றதைவிட இரண்டு விரற்கடை குட்டை. அந்த வண்டி செய்ததுதான்.

ஒன்பது வயதில், பள்ளிக்கூட லீவில், வாப்பாவோடு கல்லிடைக்குறிச்சிக்குப் போய்த் திரும்பிக்கொண்டிருந்தாள். வண்டியின் இடது கதவில் கொண்டி தேய்ந்து போய் ஒரு வருஷமாகிறது. மீரான் மூன்று தடவை முதலாளியிடம் சொல்லியிருந்தார். "வண்டியில மூட்டதானே வே போகுது. கதவு தொறந்தா மூட்டையா குதிச்சிரும்? சைக்கிள் ட்யூப்ப வச்சுக் கட்டும்," என்று அப்பாத்துரை சொன்னார். அன்றைக்கும் மீரான் ட்யூப்பைக் கதவுப் பிடியிலிருந்து இருக்கைக் காலுக்கு இழுத்து இரண்டு முடிச்சுப் போட்டுக் கட்டினார். பத்தமடை தாண்டி ஒரு வளைவில் அது அறுந்தது. கதவு திறந்ததோ, பிள்ளை அலறியதோ இன்ஜின் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. கொஞ்ச தூரம் போன பிறகு, எதிரே சைக்கிளில் வந்தவன் கையை ஆட்டியதைப் பார்த்துவிட்டுத்தான் பக்கத்தில் திரும்பினார். இருக்கையில் அவள் கடித்து வைத்த அப்பளம் மட்டும் இருந்தது.

ஆஸ்பத்திரிச் செலவை அப்பாத்துரை பார்த்துக்கொண்டார். கொண்டியைப் பற்றி யாரும் பேசவில்லை. மீரான் அதற்குப் பிறகும் பதினைந்து வருஷம் அதே வண்டியை ஓட்டினார். ஆனால் மகளிடம் மட்டும் அதைத் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார். "நான் கட்டுனேம்லா தாயி. ரெண்டு முடிச்சு போட்டேன். நான் மூணு மட்டம் அவர்ட்ட கேட்டேன்." பெண் பார்க்க வந்தவர்கள் அவள் தட்டை எடுத்துக்கொண்டு நடந்து வருவதைப் பார்த்துவிட்டு எழுந்து போன நாட்களில் எல்லாம் இதைச் சொல்லியிருக்கிறார். அவளுக்கும் அது ஒரு பிடிமானமாக இருந்தது. வாப்பா கேட்டிருக்கிறார், கொடுக்காதவன் வேறொருவன்.

வண்டி கோமதிசங்கரின் பட்டறைக்குப் போனது. தச்சநல்லூர் ரயில் பாதைக்கு அந்தப் பக்கம், தகரக் கூரை போட்ட பட்டறை. ஆனி மாதத்துக் காற்று அடித்துக்கொண்டிருந்தது. கூரைத் தகரம் நாள் முழுக்கப் படபடத்தது, மண்ணை வாரி வாரி உள்ளே போட்டது. பெயின்ட் அடிக்க வேண்டிய வேலையை எல்லாம் கோமதிசங்கர் காற்று இறங்குகிற விடியற்காலைக்குத் தள்ளி வைத்தார்.

மீரான் காலை எட்டு மணிக்குத் தூக்குப் போணியோடு போய்விடுவார். முதல் வாரம் முழுக்க அவர் செய்தது சத்தம் எங்கிருந்து வருகிறது என்று காட்டியதுதான். இன்ஜினை ஓடவிடச் சொல்லி, உள்ளங்கையை ஒவ்வோர் இடமாக வைத்துப் பார்த்தார். டாஷ்போர்டு, தரைத் தகடு, கதவுப் பலகை, ஸ்டியரிங் தண்டு. காது கேட்காதவர் சத்தத்தைக் காட்டிக் கொடுப்பதைப் பார்க்க அக்கம்பக்கத்துப் பட்டறைக்காரர்கள் வந்து நின்றார்கள். இங்கன இன்ஜின் தாங்குற ரப்பர் கல்லாப் போச்சு, இங்கன தரையில ஓட்டை, இந்தத் தகடு ஒத்தை ஆணியில தொங்குது. அவர் சொன்ன இடத்தில் சுண்ணாம்புக் கட்டியால் கோமதிசங்கர் வட்டம் போட்டார். வண்டிக்கு அம்மை போட்டது மாதிரி ஆனது.

பிறகு வேலை நடந்தது. துருப்பிடித்த தரையை வெட்டி எடுத்துவிட்டுப் புதுத் தகடு பற்ற வைத்தார்கள். ஒருபக்கம் தாரும் ஒருபக்கம் வெள்ளித்தாளுமாக இருக்கிற ஷீட்டை உள்ளே தரை, கூரை, கதவு வயிறு என்று ஓர் இடம் விடாமல் ஒட்டி, மேலே கம்பளி மாதிரி ஒன்றை விரித்தார்கள். சைலன்சர் புதுசு வந்தது. பின்சக்கரத்து வில்பட்டையில் பாரம் தாங்குவதற்கென்று இருந்த மூன்று பட்டையைக் கழற்றினார்கள். இனிமேல் இது மூட்டை சுமக்கப் போவதில்லை, இருக்கிற பட்டை மெதுவாக வளைந்து கொடுத்தால் போதும் என்றார் கோமதிசங்கர். மீரான் தன் முதுகைத் தடவிக்கொண்டு சிரித்தார். பிரேக்கை முழுசாக மாற்றினார்கள். இருக்கைகள் ஏதோ ஒரு விபத்தில் நசுங்கிய புதுக் காரிலிருந்து வந்தன, பெல்ட்டோடு.

இடது கதவை மட்டும் மீரான் தானே செய்தார். கோமதிசங்கர் வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தார். மீரான் இரண்டு நாள் அதிலேயே கிடந்தார். புதுக் கொண்டி, அதற்கு எதிர்த் தகடு, கீல் இரண்டும் புதுசு, சுற்றிலும் ரப்பர். நூறு தடவை திறந்து மூடியிருப்பார். மூடும்போது கட்டைவிரலைத் தகட்டில் வைத்துக்கொள்வார், கொண்டி விழுகிற அதிர்வு விரலுக்குத் தெரியும். அப்போதுதான் கோமதிசங்கரிடம் பழைய கதையைச் சொன்னார். கோமதிசங்கர் கேட்டு முடித்துவிட்டு, மீரானுக்குக் கேட்காத குரலில், "நாசமாப் போறவன்," என்றார்.

ஜெனோ சனிக்கிழமைகளில் வருவான். நல்ல பையன். வேலைக்காரர்களுக்கு ரசவடையும் டீயும் வாங்கி வருவான். வண்டி வேலையை ஆரம்பத்திலிருந்தே செல்போனில் படம் பிடித்து, வாரம் ஒன்றாக எல்லாரும் பார்க்கிற மாதிரி போட்டுக்கொண்டிருந்தான். கதவு திறந்து மகள் விழுந்ததை மீரான் அவனிடமும் சொன்னார், கொண்டி விஷயத்தை மட்டும் விட்டுவிட்டு. அவனுக்கு அப்போது ஆறு வயது, எதுவும் தெரியாது. ரொம்ப வருத்தப்பட்டான். பிறகு யோசித்துவிட்டு, கடைசிப் படத்தில் இதை வைக்கலாம், அக்காவைக் கூட்டி வாங்க பாய், அவங்க அதே சீட்டில் உட்காரட்டும், இவ்வளவு பாதுகாப்பாச் செஞ்சிருக்கோம்னு நீங்களே சொல்லுங்க என்றான். எழுதிக் காட்டித்தான் சொன்னான். அவன் குரல் மெல்லிய குரல்.

ஷம்ஸியா மாட்டேன் என்றாள். இருபத்திரண்டு வருஷமாக அவள் அந்த வண்டியைக் கண்ணால் பார்த்ததில்லை.

"நாலு பேரு கேக்குற மாதிரி சொல்லப் போறேன்," என்றார் மீரான். "நான் கட்டுனேன், அவருதான் கொண்டி வாங்கித் தரலன்னு. ஊரு பூரா பாக்கட்டும். நீ பக்கத்துல இருக்கணும்லா."

அவள் முறத்தை இறக்கி வைத்தாள். பிறகு எழுந்து, பெட்டியிலிருந்து நல்ல தாவணியை எடுத்துக் காற்றில் உதறித் தலைக்குப் போட்டாள்.

அன்று அவர்கள் பட்டறைக்குப் போனபோது அப்பாத்துரையின் மனைவி சாலோமியும் ஆட்டோவில் வந்திருந்தார். டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். முட்டி ஆபரேஷனுக்குப் பிறகு கையில் கம்பு. ஷம்ஸியாவைப் பார்த்ததும் கன்னத்தைத் தொட்டு, உம்மா சுகமா என்று கேட்டார். ஜெனோ ஷம்ஸியாவை வண்டியைச் சுற்றிக் காட்டக் கூட்டிப் போனான். அந்த நேரத்தில் சாலோமி மீரானைத் தன் நாற்காலிக்குப் பக்கத்தில் வரச் சொல்லி, அவருடைய இடது காதில் வாயை வைத்தார்.

"ஜெனோ எல்லாம் சொன்னான். கொண்டி சங்கதிய நான் அவன்ட்ட சொல்லல. சபையில எல்லாரும் பாப்பாங்க மீரான். அவருக்கு ஜெபம் வைக்கப் போற மாசம். ஒண்ணே ஒண்ணு கேக்கேன். அன்னைக்குக் கதவைச் சாத்துனது யாரு?"

"சாத்துனது நாந்தாம்மா."

"அதை மட்டும் சொன்னாப் போதும். நான் உங்களப் பொய் சொல்லச் சொல்லல." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டார். "வேற டிரைவர் பாக்கலாம்னுதான் அவன் சொன்னான். காது கேக்காதவருன்னு. நான்தான், நம்ம மீரான் இருக்கும்போது எதுக்கு வேறாளுன்னு சொல்லிருக்கேன்."

மீரான் வண்டியைப் பார்த்தார். சாம்பல் பச்சை பூசி, அந்தக் காற்றிலும் ஒரு தூசி இல்லாமல் துடைத்து வைத்திருந்தார்கள். சாவி அதிலேயே தொங்கியது.

ஷம்ஸியாவை இடது இருக்கையில் ஏற்றி உட்கார வைத்தார்கள். கால் நீட்ட இடம் இருந்தது. ஜெனோ பெல்ட்டை இழுத்து மாட்டிவிட்டான். மீரான் வெளியே நின்று கதவை மூடினார். சத்தமே வரவில்லை. இன்ஜினை ஓடவிட்டும் உள்ளே பேசுவது கேட்டது. ஜெனோ போனைப் பிடித்துக்கொண்டு ஒரு சீட்டை மீரானிடம் காட்டினான். இந்தக் கதவோட கதையைச் சொல்லுங்க பாய் என்று அதில் எழுதியிருந்தது.

காது கேட்காதவர்கள் எல்லாரையும் போல மீரான் உரக்கச் சொன்னார்.

"இந்தக் கதவுலதான் எம் பிள்ள விழுந்தா. கதவுல குத்தம் ஒண்ணும் இல்ல. நான்தான் அவசரத்துல சரியாச் சாத்தாம விட்டுட்டேன். மொதலாளி தங்கமான மனுசன். ஆஸ்பத்திரிக்கு அவருதான் எல்லாம் பாத்தாரு."

சாலோமி கேட்டது அவ்வளவு இல்லை. இவர்தான் கூடுதலாகக் கொடுத்தார்.

கோமதிசங்கர் கையிலிருந்த ஸ்பேனரைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஷம்ஸியா கண்ணாடி வழியாக வாப்பாவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு இறங்கப் பார்த்தாள். பெல்ட்டைக் கழற்றத் தெரியவில்லை. இழுத்தாள், அது இன்னும் இறுகியது. இரண்டு கையாலும் அதைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தாள். கோமதிசங்கர்தான் ஓடிப்போய்க் கதவைத் திறந்து, பைய அந்தச் சிவப்புப் பொத்தானை அமுக்கி அவளை விடுவித்தார். ஜெனோ அதுவரைக்கும் படம் பிடித்துக்கொண்டிருந்தான்.

திரும்பி வரும்போது ஆட்டோவில் மீரான், வேலை நிச்சயமாகிவிட்டது, இனி இலைக் கட்டைத் தூக்கிக்கொண்டு நீ பீடிக் கம்பெனிக்கு அலைய வேண்டாம் என்று சொல்லிக்கொண்டு வந்தார். அவள் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

படம் வந்த இரண்டாம் நாளே சந்துக்குள் எல்லார் போனிலும் அது ஓடியது. கீழே ஆட்கள் எழுதியிருந்ததைப் பக்கத்து வீட்டு அக்தர் பானு கமர் நிஷாவுக்கு வாசித்துக் காட்டினாள். பெத்த பிள்ளையைக் கதவு சாத்தாமல் கூட்டிப் போன தகப்பன், இவனெல்லாம் ஒரு டிரைவரா, அந்தப் பெண் பெல்ட்டைப் பிடித்து இழுக்கிறதைப் பார்த்தால் வயிறு எரிகிறது என்று நூற்றுக்கணக்கானவர்கள் எழுதியிருந்தார்கள். அப்பாத்துரையைப் போல முதலாளி இந்தக் காலத்தில் கிடைப்பாரா என்றும் பலர் எழுதியிருந்தார்கள். கமர் நிஷா பாதியில் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னாள். மீரானிடம் யாரும் இதைச் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவள் சொல்லவில்லை. அவர் கடைவீதியில் ஆட்கள் தன்னையே பார்ப்பதைப் பார்த்துவிட்டு, படத்தில் வந்ததனால் என்று நினைத்துக்கொண்டார்.

அடுத்த சனிக்கிழமை மத்தியானம் ஜெனோ வீட்டுக்கு வந்தான். ஆப்பிளும் மாதுளையும் ஒரு பையில் இருந்தன. கமர் நிஷா இஞ்சித் தேயிலை போட்டுக் கொடுத்தாள். அவன் நாற்காலி நுனியில் உட்கார்ந்து, மீரானைப் பார்க்காமல், ஷம்ஸியாவைப் பார்த்துப் பேசினான்.

"அக்கா, நான் சொன்னா அவருக்குக் கேக்காது. இதை எழுதிக் காட்டவும் எனக்கு மனசு வரல. நீங்களே சொல்லிருங்க."

சொல்லுங்க என்றாள்.

"அம்மாவ வச்சு ஓட்டணும். ஹாரன் அடிச்சா இவருக்குக் கேக்காது. அதுகூடப் பரவால்லன்னு இருந்தேன். ஆனா சொந்தப் பிள்ளைக்கே கதவு சாத்தாம விட்டவருன்னு தெரிஞ்ச பொறகு அம்மாவ எப்படி நம்பி அனுப்ப? வேற ஆள் பாத்துட்டோம்."

அம்மாவிடம் கேட்டீர்களா என்றாள் ஷம்ஸியா. கேட்டேன், உன் இஷ்டம் என்று சொல்லிவிட்டார்கள் என்றான்.

அவள் எழுந்து, நொண்டிக்கொண்டு, வாப்பாவின் இடது பக்கம் வந்தாள். ஒரு வார்த்தையும் விடாமல் சொன்னாள். ஹாரன் கேட்காது என்பதை, வேறு ஆள் பார்த்துவிட்டார்கள் என்பதை, சொந்தப் பிள்ளைக்கே கதவு சாத்தாமல் விட்டவர் என்பதை. எதிர்வீட்டு ஜன்னலில் ஆள் வந்து நின்றது. அவள் குரலைக் குறைக்கவில்லை.

மீரான் முதலில் சிரிக்கப் பார்த்தார். பிறகு மகளின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அது பொய்யின்னு சொல்லும்மா. அவங்க அம்மா சொல்லச் சொன்னாங்கன்னு சொல்லு. நான் கட்டுனேம்லா. ட்யூப்தானே அறுந்துச்சு. ரெண்டு முடிச்சு. நீ பாத்துட்டுத்தான இருந்த. சொல்லு தாயி."

அவர் சொன்னது ஜெனோவுக்கு நன்றாகவே கேட்டது. அவன் குழம்பிப்போய் ஷம்ஸியாவைப் பார்த்தான்.

"எது நெசம் அக்கா? நீங்க சொன்னா நான் நம்புதேன்."

கமர் நிஷா வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது.

ஷம்ஸியா தன் கையை மெதுவாக விடுவித்துக்கொண்டு போய் முக்காலியில் உட்கார்ந்தாள். இடது காலை நீட்டினாள். முறத்தை மடியில் எடுத்து வைத்தாள்.

"எனக்கு அப்ப ஒம்பது வயசு," என்றாள். "ஒண்ணும் ஞாபகம் இல்ல."

ஜெனோ தலையாட்டினான். தேயிலையை முழுவதும் குடித்துவிட்டு, மீரானின் இரண்டு கைகளையும் பிடித்து அமுக்கி, சந்து முனை வரைக்கும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு போனான். அந்தப் பிடியை மீரான் வேறு மாதிரி எடுத்துக்கொண்டார். அவர் முகம் தெளிந்தது. இடது காதுக்குப் பின்னால் கையைக் குவித்து மகளிடம் குனிந்தார்.

"சொல்லிட்டியா? என்ன சொன்ன?"

அவள் ஓர் இலையை எடுத்துத் தூள் வைத்துச் சுருட்டினாள். பக்கத்தில் இருப்பவரிடம் பேசுகிற குரலிலேயே, அவரைப் பார்த்தே சொன்னாள்.

"நீங்க கட்டுனது ஞாபகம் இருக்கு வாப்பா. அறுந்ததும் இருக்கு. இல்லன்னு சொல்லிட்டேன்."

மீரான் அவள் உதடு அசைவதைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். கமர் நிஷா தலையைக் குனிந்துகொண்டு நூலைத் தேடினாள்.

"சரிம்மா," என்றார். "சரி."

திங்கட்கிழமை அவர் வெள்ளைச் சட்டை போட்டு, தலைக்கு எண்ணெய் வைத்து, ஏழரை மணிக்கே வாசலில் போய் நின்றார். காற்று சந்துக்குள் புழுதியை இறைத்தது. எந்த வண்டி திரும்பினாலும் கையைக் கண்ணுக்குமேல் வைத்துப் பார்த்தார். ஒன்பது மணி ஆனது. பத்தும் ஆனது. உள்ளே ஷம்ஸியா இடியாப்பத்தைத் தட்டில் வைத்துத் தேங்காய்ப் பால் ஊற்றி மூடினாள்.

"சாப்பிட வாங்க வாப்பா," என்று இருந்த இடத்திலிருந்தே, சாதாரணமாகக் கூப்பிட்டாள்.

அவர் திரும்பவில்லை. அவள் இன்னொரு தடவை கூப்பிடவில்லை.